ஏணி அண்ணனுக்குப் போன காணிக்கை

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை முதல் பக்கத்தில் என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வயது நாற்பத்து மூன்று. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை செய்கிறேன். கணவர் அச்சகத்தில் இருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள். எங்கள் ஆலயத்தின் சிறுவர் பாடகர் குழுவில் பாடுகிறாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்கு முன்பு ஆலயத்தின் இரண்டு கதவுகளையும் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைத் தர மறுத்து, சபையாரை உள்ளே போகவிடாமல் தடுத்தேன் என்று என்மேல் கொடுக்கப்பட்ட புகாரை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். பூட்டியது நான்தான். சங்கிலியும் பூட்டும் எங்கள் பயிற்சிப் பள்ளியுடையவை. ஏன் பூட்டினேன் என்று கேட்டதற்கு நான் சொல்வதாவது.

எங்கள் சபையில் வரும் காணிக்கையில் ஒரு பகுதியை உதவிக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். அந்தப் பணம் யாருக்கு, எந்தக் காரியத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு குழு உண்டு. அதற்குப் பங்கீட்டுக் குழு என்று பெயர். போதகர் தலைவர். கட்டட வேலை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர் ஒருவரும், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவரும், நானும் உறுப்பினர்கள். தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்று கூப்பிடுவோம். பொதுக்கூட்டத்தில் அதிகமாகக் கேள்வி கேட்டதால்தான் என்னைக் குழுவில் சேர்த்தார்கள். உள்ளே இழுத்துப் போட்டால் வாய் அடங்கிவிடும் என்று நினைத்திருக்கலாம்.

கான்ட்ராக்டர் எப்போதும் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பவர். பார்வை மங்கிய ஒரு கைம்பெண் மூக்குக் கண்ணாடிக்கு உதவி கேட்டு மனுக் கொடுத்தபோது, கூட்டத்துக்குக் கூட்டம் அதைத் தள்ளிப்போட்டார். "இன்னைக்குக் கண்ணாடின்னு வருவாங்க, நாளைக்குப் பல் செட்டு கேப்பாங்க. யோசிக்கலாம்" என்றார். கடைசியில் பெரிய டீச்சர் சொந்தச் செலவில் வாங்கிக் கொடுத்தார். எதற்கும் 'யோசிக்கலாம்' என்பதே கான்ட்ராக்டரின் பதில் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு அதுவே பெயர். என் மகள் ஒருமுறை அவர் காதுபடவே, "அம்மா, யோசிக்கலாம் வந்திருக்கார்" என்று சொல்லிவிட்டாள்.

ஆலயத்தைப் பெருக்குவது, விளக்கு மாற்றுவது, மணி அடிப்பது, பீடத்துத் துணியைத் துவைத்து விரிப்பது எல்லாம் ஒருவரே. எப்போது பார்த்தாலும் ஏணியும் கையுமாக இருப்பதால் அவரை ஏணி அண்ணன் என்போம். எனக்கு அவர் உறவு இல்லை. ஆனால் என் மகள் சைக்கிள் ஓட்டப் பழகியது ஆலய முற்றத்தில், அவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியபோதுதான். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் என்னிடம் அவள் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவருடைய மனைவி தெருமுனையில் துணி தேய்க்கும் கடை வைத்திருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

இரண்டு மாதத்துக்கு முன், ஒரு வேலை நாள் பிற்பகலில், ஏணி அண்ணன் ஆலயத்துக்குள் மேலேயிருந்து விழுந்து இடுப்பிலும் முதுகிலும் அடிபட்டார். அப்போது உள்ளே இருந்தது கான்ட்ராக்டர் மட்டும். ஏணி வழுக்கிவிட்டது என்று அவர்தான் எல்லோருக்கும் சொன்னார். மறுநாள் மாலையே போதகரின் அறையில் குழு கூடியது. வழக்கமாகக் கடைசியில் வரும் கான்ட்ராக்டர் அன்று எங்களுக்கு முன்பே வந்து, நாற்காலிகளை எடுத்துப் போட்டு வைத்திருந்தார்.

"வேற எந்த மனுவும் இப்போ வேண்டாம். இந்த மூணு மாசத்து உதவிப் பணம் மொத்தமும் அவருக்கே போகட்டும். பத்தலைன்னா அடுத்த மூணு மாசத்துதும் போகட்டும்" என்றார்.

வைத்தியம் எங்கே என்று பெரிய டீச்சர் கேட்டார். கார் போய்ச் சேரவே அரை நாள் ஆகும் ஓர் ஊரில், விழுந்து அடிபட்டவர்களை வைத்து நடக்கப் பழக்கும் இல்லம் ஒன்று இருப்பதாகவும், அது தன் மைத்துனருக்குத் தெரிந்த இடம் என்றும் கான்ட்ராக்டர் சொன்னார்.

"நம்ம ஊர் பெரிய ஆஸ்பத்திரியிலேயே எலும்பு டாக்டர் இருக்காரே. பொண்டாட்டி போய்ப் பாத்துக்கலாம், நாமளும் போய் வரலாம்" என்றார் டீச்சர்.

"டீச்சர், அவர் நம்ம வீட்டு மனுஷன். நாம பேசிட்டே இருந்தா அவர் அங்க படுத்த படுக்கையா ஆயிடுவார். இப்பவே முடிவு பண்ணுங்க."

போதகர் உடனே சம்மதித்தார். எல்லோரும் கை தூக்கினோம், நானும் தூக்கினேன். வீட்டுக்கு வந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போதுதான், கான்ட்ராக்டர் அன்று ஒருமுறைகூட 'யோசிக்கலாம்' என்று சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கணவரிடம் சொன்னேன். "கஞ்சனா இருந்தா திட்டுறே, கை நீட்டிக் குடுத்தா சந்தேகப்படுறே. அந்த மனுஷன் என்னதான் பண்ணுவார்?" என்றார். என் தொழிலில் பக்கத்து இருக்கைக்காரர் வாயால் சொல்வதை நான் கேட்பதில்லை, கால் எங்கே போகிறது என்று பார்ப்பேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று கணவர் அடிக்கடி குறைப்படுவார்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை மகளைப் பாட்டுப் பயிற்சியிலிருந்து கூட்டிவரப் போனேன். பிள்ளைகள் வெளியே வரும்வரை ஆலயத்தின் பக்கவாட்டில் நின்றபோது, ஏணி அண்ணனின் ஏணி வழக்கமான இடத்தில் படுக்கவைத்திருப்பதைப் பார்த்தேன். அதன் கால்களில் மாட்டியிருந்த ரப்பர் புதிதாகவும் ஒட்டடை பிடித்தும் இருந்தது. ஒரு மனிதனைக் கீழே தள்ளிய ஏணியை யாரும் எடுத்துப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை. பிறகு உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். பீடத்துக்கு முன்னால், பாடகர் குழு நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, கூரைக்கு அடியில் அடித்திருக்கும் பலகைகளில் ஒரு பகுதி மட்டும் வேறு வெள்ளையாக இருந்தது. அந்தப் பக்கம் வந்த கான்ட்ராக்டரிடம் அது என்ன என்று கேட்டேன்.

"மழைத் தண்ணி ஒழுகின கறை. போன வருஷமே மாத்தினது" என்றார்.

பெயிண்ட் வாடை இன்னும் போகாமல் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மகளின் பாட்டைப் பாராட்டினார். அவர் எதையும் பாராட்டி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு அண்ணியின் கடைக்குத் துணி கொடுக்கப் போனபோது, அண்ணன் எப்படி இருக்கிறார், ஒருநாள் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். அண்ணி தலை நிமிரவில்லை. "நல்லா பாத்துக்கிறாங்க. யாரும் வர வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அவரோட போன் நம்பரும் மாத்திட்டாங்க" என்றார். யார் சொன்னது என்று கேட்டதற்கு, "டாக்டர்" என்றார். எந்த டாக்டர் என்று கேட்டேன். தேய்த்து முடித்த சட்டைக் காலரையே மறுபடியும் மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தார். மனப்பாடம் செய்த பதிலை ஒப்பிக்கும் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தேர்வு நாளில் என் மாணவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

காணிக்கைப் பணத்தை வழியிலேயே கான்ட்ராக்டர் எடுத்துக்கொள்கிறார் என்பதே அப்போது என் சந்தேகம். பெரிய டீச்சரிடம் சொன்னேன். அவர் அந்த இல்லத்துக்கு நேரே போன் செய்து, சபையின் சார்பில் பேசுவதாகச் சொல்லி விசாரித்தார்.

"பணம் போய்ச் சேருது. நாம முடிவு பண்ணினதுக்கு மேலயே போகுதாம். மிச்சத்தைக் கான்ட்ராக்டர் தன் கையிலேர்ந்து கட்டுறாராம்" என்றார்.

நான் சந்தேகப்பட்டது தப்பு என்று ஆகிவிட்டது. ஆனால் மனம் ஆறவில்லை, முன்னைவிட அதிகமாகத்தான் உறுத்தியது. ஒருவர் திருடினால் ஏன் திருடுகிறார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஒரு கைம்பெண்ணின் கண்ணாடிக்கு யோசித்தவர், யாருக்கும் தெரியாமல் தன் பணத்தைக் கட்டுகிறார் என்றால் ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். டீச்சரும் அப்படியே நினைத்தார். "நம்ம கை தூக்கிக் குடுத்த பணம். அது என்ன வேலை செய்யுதுன்னு நாமதான் போய்ப் பாக்கணும்" என்றார்.

எனக்கு விடுமுறை கிடைத்த அன்று விடிந்ததும் இருவரும் என் காரில் கிளம்பினோம். போதகருக்கும் கான்ட்ராக்டருக்கும் சொல்லவில்லை. வழி நெடுக டீச்சர் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். நான் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் என்று சொன்னதற்கு, "கத்துக் குடுக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும்னு அர்த்தம் இல்லம்மா, நானும் கணக்கு சொல்லிக் குடுத்தவதான்" என்றார்.

இல்லம் சுத்தமாக இருந்தது. குறை சொல்ல எதுவும் இல்லை. ஏணி அண்ணனுக்குத் தனி அறை, சன்னலோரம் கட்டில். மற்றவர்கள் ஓர் அறைக்கு நான்கைந்து பேராக இருந்தார்கள். யாரும் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா என்று வாசலில் இருந்த பெண்ணிடம் கேட்டதற்கு, "அப்படி எதுவும் இல்லையே, சொந்தக்காரங்க வந்தாத்தானே இவங்களுக்கு நல்லது" என்றார். டீச்சர் இல்லத்தின் மேலாளரிடம் பேசப் போனார். நான் மட்டும் அறைக்குள் போனேன்.

அங்கே அவர் சொன்னதை, அவருடைய சம்மதத்தோடுதான் இங்கே சொல்கிறேன். சம்மதம் நேற்றுப் பிற்பகல்தான் கிடைத்தது. அது எப்படி வந்தது என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

என்னைக் கண்டதும் அவர் சந்தோஷப்படவில்லை. எழுந்து உட்கார முயன்றார், முடியவில்லை. எப்படி விழுந்தீர்கள் என்று நான் கேட்பதற்கு முன்பே, "ஏணி வழுக்கிடுச்சு" என்றார்.

"அண்ணா, ஏணியை நான் பாத்தேன்" என்றேன்.

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஒருவர் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடை பழகிக்கொண்டிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாப்பா இன்னும் பாட்டுல நிக்கிறாளா?" என்று கேட்டார். நிற்கிறாள் என்றேன். "எந்த வரிசையில?" என்றார். முன் வரிசை, நடுவில், என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கொஞ்ச நாளைக்கு அனுப்பாதே" என்றார்.

ஏன் என்று கேட்டேன். நான் எழுந்து போகவில்லை. அதன் பிறகு அவர் சொன்னது: காலையில் பெருக்க வரும்போதெல்லாம் பீடத்துத் துணியிலும் அதன் முன்னாலும் மாவு போல மரத்தூள் கொட்டிக் கிடந்ததாகவும், மேலே ஏறிப் பலகையை விலக்கிப் பார்த்தபோது கூரையைத் தாங்கும் உத்திரத்தைக் கரையான் உள்ளே தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் விட்டுவைத்திருந்ததாகவும், உடனே கான்ட்ராக்டரைக் கூட்டிவந்து காட்டியதாகவும் சொன்னார். அந்தக் கூரை சில ஆண்டுகளுக்கு முன்பு சபையார் தனியாகக் கொடுத்த சிறப்புக் காணிக்கையில் போட்டது. வேலை எடுத்துச் செய்தவர் இதே கான்ட்ராக்டர். புது மரத்துக்குப் பணம் கொடுத்தோம். ஆனால் வந்து இறங்கிய உத்திரங்களில் பழைய ஆணித் துளைகளை மெழுகு வைத்து அடைத்திருந்ததை அப்போதே பார்த்ததாகவும், ஏதோ இடித்த பழைய சரக்குக் கிட்டங்கியின் மரமாக இருக்கும் என்று நினைத்ததாகவும், பெரியவர்கள் செய்கிற வேலையில் தனக்கென்ன என்று இருந்துவிட்டதாகவும் ஏணி அண்ணன் சொன்னார். தூள் கொட்டுவது யாருக்கும் தெரியாமல் இருக்க, மேலே ஏறிப் புதுப் பலகை ஒன்றை அடிக்கும்படி கான்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார். இவர் அடித்திருக்கிறார். பலகைக்கு மேலே, உத்திரங்களுக்கு நடுவில் இருந்தபடியே அடித்து முடித்து, ஏணிக்கு இறங்குவதற்காக உத்திரத்தில் கால் வைத்தபோது அது உள்வாங்கி, கீழே விழுந்திருக்கிறார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். 'உன் வைத்தியம் என் பொறுப்பு, மேலே என்ன இருந்துச்சுன்னு நீ பாக்கலை'ன்னார். எனக்குக் கால் வேணும். அவருக்கு என் வாய் வேணும். சரின்னுட்டேன்" என்றார்.

கூரையைச் சரிசெய்யச் சொல்லவில்லையா என்று கேட்டேன். "கையில பணம் வந்ததும் மாத்திடுறேன்னார். ரெண்டு மாசமா அந்தப் பணம் எனக்குத்தான் வந்துக்கிட்டிருக்கு" என்றார். அதைச் சொல்லும்போது தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் புறப்படும்போது, "நான் சொன்னேன்னு சொன்னா, இல்லைன்னு சொல்லுவேன். இங்கேர்ந்து வெளியே போனா நான் நடக்க மாட்டேன், தெரிஞ்சுக்கோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் சரி என்றேன். திரும்பி வரும்போது டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிரேக்கை மிதிக்காமல் வந்தார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை மாலை, நானும் டீச்சரும் கேட்டதன்பேரில் குழு கூடியது. ஏணி அண்ணனைப் போய்ப் பார்த்ததாக நாங்கள் சொல்லவில்லை. கூரையின் உத்திரம் கெட்டிருக்கிறது என்று நம்புவதற்குக் காரணம் இருக்கிறது என்றும், வெளியாள் ஒருவரைக் கொண்டு பரிசோதிக்கும்வரை ஆலயத்தை மூட வேண்டும் என்றும், உதவிப் பணத்தில் ஒரு பங்கை உடனே அதற்குத் திருப்பிவிட வேண்டும் என்றும் நான் கேட்டேன்.

கான்ட்ராக்டர் சத்தம் போடவில்லை. மிகவும் வருத்தமான குரலில் கேட்டார். "எந்தப் பணத்தை? ஏணி அண்ணன் வைத்தியத்துக்குப் போற பணத்தையா? படுத்துக் கிடக்கிற மனுஷன் மருந்தை நிறுத்திட்டு கூரையைப் பாக்கணுமா?"

நான் யாருக்காகப் பேசுகிறேனோ அவருடைய மருந்தையே எடுத்து எனக்குக் குறுக்கே போட்டுவிட்டார். பதில் என்னிடம் இருந்தது, ஆனால் சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். டீச்சர் போதகரைப் பார்த்து, "ஐயா, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஆராதனை. அத்தனை பிள்ளைகளும் முன்னாடி வந்து நிப்பாங்க. ஒரு வாரம் தள்ளிவைக்க முடியாதா?" என்று கேட்டார். போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை.

"சில விஷயம் போதகனுக்குத் தெரியாம இருக்கிறதுதான் சபைக்கு நல்லது. அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார்.

இந்த வார்த்தைகளை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எழுதப்பட்டிருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். மூடியிருந்தது. தீயணைப்பு நிலையத்தில் கேட்டதற்கு, கட்டடத்தின் பொறுப்பாளர் கேட்டுக்கொண்டால்தான் வருவோம் என்றார்கள். பொறுப்பாளர் போதகர். என் மகளை மட்டும் வீட்டில் நிறுத்திக்கொள்ளலாமே என்று கணவர் சொன்னார். அவள் நிற்கும் இடத்தில் வேறொரு பிள்ளையை நிறுத்துவார்கள் என்றேன்.

நேற்று காலை யாரும் வருவதற்கு முன் ஆலயத்துக்குப் போய், முன்கதவையும் பக்கக் கதவையும் சங்கிலியால் கட்டிப் பூட்டிவிட்டு முன்கதவுப் படியில் நின்றுகொண்டேன். எதையும் உடைக்கவில்லை. டீச்சருக்குச் சொன்னால் அவரும் வந்து நிற்பார், அவருக்கு வயதாகிவிட்டது என்பதால் சொல்லவில்லை. முதலில் பாடகர் குழுப் பிள்ளைகள் வெள்ளை உடையோடு வந்தார்கள். பிறகு அவர்களுடைய பெற்றோர் வந்தார்கள். கூட்டம் கூடியது. சிலர் சிரித்தார்கள். சிலர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று என் கணவரிடம் கேட்டார்கள். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

கான்ட்ராக்டர் வந்து சாவி கேட்டார். மேலே உத்திரம் கெட்டிருக்கிறது, பார்க்காமல் யாரையும் விடமாட்டேன் என்றேன்.

"நீங்க ஏறிப் பாத்தீங்களா?"

"இல்லை."

"யார் சொன்னா?"

"சொல்ல மாட்டேன்."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கோங்க. பாக்கவும் இல்லையாம், சொன்ன ஆளையும் சொல்ல மாட்டாங்களாம். ஏணி அண்ணன் வைத்தியத்துக்குப் பணம் போறது இவங்களுக்குப் பிடிக்கலை. வெள்ளிக்கிழமை நிறுத்தச் சொன்னாங்க, போதகர் இருக்கார், கேளுங்க" என்றார். அது நன்றாக வேலை செய்தது. ஏணி அண்ணனைப் பிடிக்காதவர்கள் எங்கள் சபையில் யாரும் இல்லை. பின்னாலிருந்து யாரோ என்னைக் கல்நெஞ்சக்காரி என்றார்கள். போதகர் மரத்தடியில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டர் அப்போதுதான் போலீசுக்குப் போன் செய்தார்.

அதன் பிறகு, கூட்டத்தின் ஓரத்தில் அண்ணி நிற்பதைக் கண்டு, கான்ட்ராக்டர் அவரை முன்னால் அழைத்தார். "நீயே சொல்லும்மா. உன் புருஷன் எப்படி விழுந்தார்?"

அண்ணி வந்து படிக்குக் கீழே நின்றார். அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அதன் பிறகு வெள்ளை உடையில் வரிசையாக நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். அந்த உடைகளை முந்தின நாள் தேய்த்துக் கொடுத்தவர் அவர்தான்.

"ஏணி வழுக்கிடுச்சு" என்றார்.

கான்ட்ராக்டர் என் பக்கம் கை நீட்டினார். அப்போது அண்ணி, "ஆனா நான் உள்ளே போக மாட்டேன்" என்றார்.

அண்ணி படியேறி வந்து, நான் நின்ற படியில் என் காலடியில் உட்கார்ந்துகொண்டார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். முதலில் ஒரு தாய் தன் மகனை வரிசையிலிருந்து இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் வாசற்படிக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளைகூட இல்லை. என் கணவர் மகளைத் தோளில் தூக்கிவைத்திருந்தார். அவள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள், என்றாலும் மறுப்பு சொல்லவில்லை.

அதிகாரி வந்ததும் நான் சாவிகளை அவர் கையில் கொடுத்து, நீங்கள் போகலாம், பிள்ளைகளை விடாதீர்கள் என்றேன். அவர் போதகரைக் கூப்பிட்டு, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார். போதகர் சரி என்றார். வந்த வீரர்களில் ஒருவர் உள்ளே ஏறி, வேறு வெள்ளையாக இருந்த பலகையைக் கழற்றிவிட்டு, கையிலிருந்த கம்பியால் உத்திரத்தைக் குத்திப் பார்த்தார். நான் வாசலில் இருந்து பார்த்தேன். கம்பி தடையில்லாமல் கைப்பிடி வரை உள்ளே இறங்கியது. அவர் அதை வெளியே இழுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, மெதுவாகக் கீழே இறங்கி வந்து, எல்லோரும் கேட்டுக்கு வெளியே போங்கள் என்றார். கான்ட்ராக்டர் தன் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார். உள்ளே யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

வெளியே தெருவிலேயே போதகர் சுருக்கமாக ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் யாரோ பழக்கத்தில் காணிக்கைப் பையை எடுத்துச் சுற்றவிட்டார்கள். பை பெரிய டீச்சரிடம் வந்தபோது அவர் அதன் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஐயா, இது எங்க போகுதுன்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் பையை விடுறேன்" என்றார்.

போதகர் பையைப் பார்த்தார். பிறகு, "ஏணி அண்ணன் வைத்தியத்துக்கு" என்றார்.

"எதுவரைக்கும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "அவர் நடக்கிற வரைக்கும்" என்று போதகருக்கு முன்பே டீச்சர் சொன்னார். போதகர் தலையசைத்தார். பை சுற்றியது. கான்ட்ராக்டரின் மனைவியும் அதில் போட்டார். என்ன நினைத்துப் போட்டார் என்று எனக்குத் தெரியாது.

பிற்பகலில் அண்ணி என் வீட்டுக்கு வந்தார். அடுத்த மாதத்திலிருந்து யார் பணம் கட்டுவது என்று இல்லத்திலிருந்து அவருக்கு அதற்குள் போன் வந்துவிட்டது. யார் அவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் சொன்னது என்பதை அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணி தன் கணவரிடம் பேசியிருந்தார். பையின் கதையைச் சொன்னாராம். அவர் நம்பவில்லையாம், இரண்டு முறை சொல்லச் சொன்னாராம். அதன் பிறகு, "அவளைச் சொல்லிக்கச் சொல்லு. எங்கிட்ட வந்து கேட்டாலும் சொல்றேன்" என்றாராம். அண்ணி அதைச் சொல்லிவிட்டு டீ குடிக்காமல் போய்விட்டார். என்மேல் அவருக்கு இருப்பது கோபமா வேறா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஏணி அண்ணன் உண்மையை மறைத்ததற்காக அவர்மேல் நடவடிக்கை வேண்டாம் என்பது என் கோரிக்கை. பூட்டியதற்காக நான் வருத்தப்படுகிறேனா என்று கேட்கப்பட்டது. பிள்ளைகள் ஆராதனை நடக்காமல் போனதற்கு வருந்துகிறேன், பூட்டியதற்கு இல்லை.

இந்த வாக்குமூலத்தை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கொடுத்திருக்கிறேன். எழுதியபின் முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் மட்டும் திருத்தம் கேட்டேன். கூரை பற்றிப் போதகருக்கு முன்பே தெரியுமா என்ற கேள்விக்கு என் பதில் 'தெரியாது' என்று எழுதப்பட்டிருந்தது. அதை அப்படியே விட்டால் அவருக்குத் தெரியாது என்று நான் சாட்சி சொன்னதாக ஆகிவிடும். 'அவருக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது' என்று மாற்றச் சொன்னேன். மாற்றப்பட்டது. திருத்திய வரிக்குப் பக்கத்திலும், இதன் கீழும், நான் கையொப்பம் இட்டிருக்கிறேன். மற்றவை நான் கண்டதும் கேட்டதும் ஆகும், என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

(கையொப்பம்)